தென் சூடானில் காவல் தொடரட்டும்

2011 ஜூலை 9-ஆம் தேதி சுதந்திரம் பெற்ற தென் சூடான், மூன்றாண்டுகூட நிறைவதற்குள், ஜனாதிபதி சல்வா கீருக்கும் அவரால் பதவி நீக்கப்பட்ட உபஜனாதிபதி ரியக் மச்சாருக்கும் மூண்ட விரோதத்தால் உள்நாட்டு யுத்தத்தில் வீழ்ந்தது. அது மூண்ட 2013 டிசம்பரில், ஜூபாவிலும் மலகாலிலும் பென்டியூவிலும் உயிருக்கஞ்சி ஓடிவந்த ஜனங்களுக்கு ஐக்கிய நாடுகள் சமாதானப் படை தன் முகாம்களின் கதவுகளைத் திறந்துவிட்டது. உச்சகட்டத்தில் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் அங்கே அபயம் பெற்றிருந்தனர். அதே மாதத்தில் அகோபோ முகாமில் தஞ்சம் புகுந்தோரைத் தாக்க வந்த ஆயுதக் கும்பலால் அப்படையின் இந்திய வீரர் இருவர் உயிரிழந்தனர்.

இப்படையின் ஆயுளை நீட்டிப்பது வீண் என்போர், 2016 பிப்ரவரியில் மலகால் முகாமுக்குள்ளேயே படுகொலை நிகழ்ந்ததையும், அதே ஆண்டு ஜூலையில் ஜூபா பற்றி எரிந்தபோது படையினர் செயலற்று நின்றதையும் எடுத்துக் காட்டுகின்றனர். இரண்டும் மறுக்கவொண்ணாத அவமானங்களே. ஆனால் படையை விலக்குவதால் நேரும் அனர்த்தம் எத்தகையது என்பதை ருவாண்டா காட்டிவிட்டது: 1994 ஏப்ரலில், இனப்படுகொலை நடந்துகொண்டிருந்த வேளையிலேயே, பாதுகாப்புச் சபை அங்கிருந்த சுமார் 2,500 பேர் கொண்ட படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தது. அந்தப் பாவத்தை இன்னொரு முறை செய்ய உலகத்துக்கு உரிமையில்லை.

கீரும் மச்சாரும் செய்துகொண்ட 2018 சமாதான உடன்படிக்கையின் பெரும்பகுதி ஏட்டளவிலேயே நிற்கிறது. தேர்தல் தவணை மேல் தவணையாகத் தள்ளிப்போய் 2026 டிசம்பருக்கு வந்திருக்கிறது. 2025 மார்ச்சில் மச்சார் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார்; அம்மாதமே நாசிரில் காயமுற்ற சிப்பாய்களை மீட்கச் சென்ற ஐ.நா. ஹெலிகாப்டர் சுடப்பட்டு அதன் பணியாளர் ஒருவர் மாண்டார். அபாயம் இவ்வாறு பெருகிவரும் வேளையில், நிதிப் பற்றாக்குறையால் உலகெங்கும் சமாதானப் படையினரில் நாலில் ஒரு பங்கைக் குறைப்பதாக 2025 அக்டோபரில் ஐ.நா. அறிவித்தது. பணமில்லாமல் தரும் நீட்டிப்பு பெயரளவு நீட்டிப்பே.

பென்டியூவில் விறகு பொறுக்க முகாம் வேலியைத் தாண்டிப் போகும் பெண்கள் வழியில் மானபங்கப்படுத்தப்பட்டதால், படையினர் ரோந்து சென்று அவர்களுக்குக் காவல் நிற்க வேண்டியிருந்தது. ரோந்து வண்டிக்கு எண்ணெய் இல்லையென்றால் அந்தப் பெண்கள் ஒன்று தனியே போக வேண்டும், அல்லது குழந்தைகளைப் பட்டினி போட வேண்டும். ஆகவே பாதுகாப்புச் சபை இப்படையை முழுப் பலத்துடன் நீட்டிக்க வேண்டும். பெரிய வல்லரசுகள் தம் சந்தா பாக்கியைத் தாமதமின்றிச் செலுத்த வேண்டும். ரோந்துக்கும் விமானப் பயணத்துக்கும் முட்டுக்கட்டை போடுவதை ஜூபா அரசாங்கம் நிறுத்தவேண்டும். அந்த மண்ணில் தன் வீரர்களைப் பலிகொடுத்த இந்தியா, படை அனுப்பும் நாடு என்ற உரிமையோடு இதனை நியூயார்க்கில் உரக்கக் கேட்கவேண்டும்.