உழிஞையும் நொச்சியும்

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலக சதுரங்க சாம்பியன் போட்டியின் 14ஆவது, இறுதி ஆட்டம். 55ஆவது நகர்த்தலில் டிங் லிரென் யானைகளை வெட்டிக்கொள்ள முன்வந்தார். மூலைக் கட்டத்தில் நின்ற அவருடைய பிஷப்பும் அடுத்து வெட்டுப்படும் என்பதை அவர் காணவில்லை. மூன்று நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்து, 18 வயதான குகேஷ் சாம்பியன் ஆனார். அன்றிலிருந்து, 'அது வெற்றியல்ல, தானமாகக் கிடைத்தது' என்றொரு பேச்சு உலவுகிறது. முன்னாள் சாம்பியன் கிராம்னிக், நாமறிந்த சதுரங்கமே முடிந்துபோனது என்ற பொருள்பட அன்றே எழுதினார்.

இக்கூற்று குகேஷை மட்டுமல்ல, டிங்கையும் சேர்த்தே இழிவுசெய்கிறது என்பது என் வாதம்.

கணினி அந்நிலையைச் சமன் என்றது, உண்மைதான். இரு தரப்பிலும் யானையும் பிஷப்பும் ஒவ்வொன்று. இரண்டு சிப்பாய்களுக்கு எதிராக ஒன்று. ஆனால் சமன் என்பது பிழையின்றிக் காப்பவனுக்கு மட்டுமே உரியது. தாக்குபவன் ஒரு நகர்த்தலை வீணாக்கினாலும் மறுபடி முயலலாம். காப்பவனுக்கோ ஒரு பிழையே முடிவு. அன்று சமன் செய்தால் மறுநாள் விரைவு ஆட்டங்கள். அங்கே டிங்கின் கையே ஓங்கும் என்று பலரும் எதிர்பார்த்தனர். ஆகவே ஒரு சிப்பாய் குறைந்தும் அவர் காக்கத் துணிந்தார். எளிய சமனுக்கு இசையாமல் அவரை மணிக்கணக்கில் காவலில் நிறுத்திவைத்தது குகேஷின் ஆட்டம். அந்தப் பிழை வானத்திலிருந்து விழவில்லை, களைப்பிலிருந்து விளைந்தது. களைப்பை விளைவித்தவருக்கு அதில் பங்கில்லை என்பது என்ன நியாயம்?

2016இல் நியூயார்க்கில் கர்யாகின் 3ஆவது ஆட்டத்தில் 78 நகர்த்தல்களும், 4ஆவதில் 94 நகர்த்தல்களும் நின்று தோல்வியிலிருந்து மீண்டார். அப்போது, 'கார்ல்சன் வெற்றியைக் கோட்டைவிட்டார்' என்று பேசியவர்கள் உண்டு. காப்பவன் பிழைத்தால் தாக்கியவனின் குறை. வீழ்ந்தால் காப்பவனின் மடமை. இந்தக் கணக்கில் காவலுக்கு என்றுமே பெருமை இல்லை!

நம் இலக்கண மரபு இவ்விஷயத்தில் தெளிவானது. புறப்பொருள் வெண்பாமாலை மதில் முற்றுவதை உழிஞை என்றும், மதில் காப்பதை நொச்சி என்றும் பிரித்து, காவலுக்குத் தனித்திணையே வகுத்தது. தொல்காப்பியரோ இரண்டையும் உழிஞைக்குள்ளேயே அடக்கினார். முற்றுகையும் காவலும் ஒரே செயலின் இரு முகங்கள் என்பதே அதன் உட்பொருள் எனக் கொள்கிறேன். மதில் இடிந்த நாளை மட்டும் பார்த்து, 'அது தானாகவே இடிந்தது' என்பவர் முற்றுகையையும் அறியார், காவலையும் அறியார்.

54 நகர்த்தல்கள் நின்ற மதிலுக்கு மரியாதை செய்யுங்கள். அப்போதுதான் அதை வீழ்த்தியவரின் அருமையும் விளங்கும்.