கீரனூர் ஆசிரியருக்குக் கடல் பாடம் எதற்கு?

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை காலை.

தாய்லாந்து நாட்டில் பூக்கெட் என்று ஒரு தீவு. அங்கே மைக்காவ் என்ற கடற்கரை. இங்கிலாந்தில் இருந்து விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பம் அங்கே உலாவிக்கொண்டு இருந்தது. அந்தக் குடும்பத்தின் மகள் டில்லி சுமித். வயது 10.

திடீர் என்று கடல் நுரைத்தது. தண்ணீர் கரைக்கு வந்தது, திரும்பிப் போகவில்லை. மேலும் மேலும் ஏறி வந்துகொண்டே இருந்தது.

பெரியவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். சிறுமிக்கு மட்டும் உடல் நடுங்கியது. "சுனாமி வரப் போகிறது! ஓடுங்கள்!" என்று அவள் கூச்சல் போட்டாள். தந்தை காவலாளியிடம் ஓடிச் சொன்னார். கடற்கரை காலி செய்யப்பட்டது. கொஞ்ச நேரத்தில் பேரலை வந்து மோதியது. ஏறக்குறைய 100 பேர் உயிர் தப்பினார்கள்.

சிறுமிக்கு எப்படித் தெரிந்தது?

இரண்டு வாரத்துக்கு முன்புதான் பள்ளிக்கூடத்தில் பூகோள ஆசிரியர் ஆண்ட்ரூ கீர்னி சுனாமி பற்றிப் பாடம் நடத்தினார். கடல் எப்படி மாறும் என்று படம் காட்டினார். அந்தப் பாடம்தான் அத்தனை பேரையும் காப்பாற்றியது!

அதே நாளில் நம் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக்கூட "சுனாமி" என்ற சொல் அன்றுதான் தெரிந்தது.

கடல் எங்கே, கீரனூர் எங்கே?

"அது கடற்கரைக்காரர்கள் சங்கதி. எங்களுக்கு எதற்கு?" என்று கீரனூர்க்காரர் ஒருவர் கேட்கலாம்.

நியாயமான கேள்விதான். திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே இருக்கிறது கீரனூர். குளத்தூர் தாலுகாவின் தலைநகர். கண்மாயும் வயலும் கண்ட ஊர்; கடலைக் கண்டது இல்லை. மணமேல்குடிக் கடற்கரைக்குப் போவது என்றால் ஏறக்குறைய 80 கிலோ மீட்டர் போக வேண்டும்.

ஆனால், கீரனூர் கடலைத் தேடிப் போகாவிட்டாலும் கடல் கீரனூரைத் தேடி வருகிறது!

ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழை எங்கே இருந்து வருகிறது? வங்கக் கடலில் இருந்து வருகிறது. தமிழ்நாட்டுக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவ மழைதான். அது பொய்த்தால் கண்மாய் நிறையாது. கண்மாய் நிறையாவிட்டால் உலையில் அரிசி இல்லை.

மழை மட்டுமா வருகிறது? புயலும் வருகிறது.

கஜா சொன்ன பாடம்

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி அதிகாலை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை ஏறியது. காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோ மீட்டருக்கு மேல்.

கரையோடு அது நிற்கவில்லை. உள்நாட்டுக்குள் புகுந்து புதுக்கோட்டை மாவட்டத்தையே புரட்டிப் போட்டது. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்துத் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பிள்ளைபோல வளர்த்த மரங்களைப் பார்த்து விவசாயிகள் கதறினார்கள். பல கிராமங்கள் நாள் கணக்கில் இருளில் கிடந்தன.

புயலுக்குக் கண் உண்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? புயலின் நடுப்பகுதிக்குக் "கண்" என்று பெயர். கண் ஓர் ஊரைக் கடக்கும்போது காற்று சட்டென்று அடங்கும். "புயல் போய்விட்டது" என்று எண்ணி மக்கள் வெளியே வருவார்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையில் இருந்து காற்று மறுபடி சீறும். வெளியே வந்தவர் கதி என்ன ஆகும்?

"காற்று நின்றாலும், அறிவிப்பு வரும்வரை வெளியே வராதே!" இந்த ஒரு வரியை ஒரு பிள்ளை கற்றுக்கொண்டு வீட்டில் சொன்னால் ஒரு குடும்பமே பிழைக்கும்.

2007-ம் ஆண்டு அக்டோபரில் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் திறக்கப்பட்டது. கடலுக்கு அடியில் பூமி அதிர்ந்தால் அங்கே தெரியும். எச்சரிக்கையும் வரும். ஆனால், அதைக் கேட்டதும் என்ன செய்வது என்பது நமக்குத் தெரிய வேண்டாமா? அதை ஊர் ஊராகச் சொல்லித் தரக்கூடியவர் பள்ளி ஆசிரியர்தான்.

ஆசிரியருக்கு யார் சொல்லித் தருவது?

ஆசிரியரும் கீரனூர்ப் பக்கத்தில் பிறந்தவர்தானே! அவரும் புத்தகத்தில் உள்ளதைத்தான் சொல்ல முடியும்.

இதற்கு அமெரிக்காவில் ஒரு வழி கண்டார்கள். அந்த நாட்டு வானிலைச் சங்கம் 1990-ம் ஆண்டுகளில் "மோரி திட்டம்" என்று ஒரு பயிற்சியைத் தொடங்கியது. கோடை விடுமுறையில் பள்ளி ஆசிரியர்களைக் கடற்படைக் கல்லூரிக்கு வரவழைத்துக் கடல் விஞ்ஞானம் கற்பித்தார்கள். கற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. ஊருக்குத் திரும்பி மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு விளக்கில் இருந்து பல விளக்கு!

கோடைப் பயிற்சி நமக்கும் புதிது அல்ல. 1963-ம் ஆண்டிலேயே நம் நாட்டில் விஞ்ஞான ஆசிரியர்களுக்குக் கோடைகாலப் பயிற்சி தொடங்கியது. பௌதிகம், ரசாயனம், உயிரியல், கணிதம் எல்லாம் கற்றுத் தந்தார்கள். அதே வழியில் கடலையும் கற்றுத் தரலாம்.

இடம் தேடி அலைய வேண்டியது இல்லை. கீரனூரில் இருந்து திருச்சிக்குப் போகிற அதே சாலையில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே கடல் அறிவியலுக்கு என்றே ஒரு துறை இருக்கிறது. கடலில் வாழும் நீலப்பச்சைப் பாசிகளைச் சேகரித்துக் காக்கும் தேசிய நிலையமும் 1991-ல் அங்கே ஏற்பட்டது. பஸ் ஏறினால் எட்டி விடும் தூரம்!

பயிற்சியில் முதல் இரண்டு நாள் அங்கே பாடம். அடுத்த இரண்டு நாள் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கடற்கரையில் நேரில் பார்ப்பது. அங்கே மீனவர்தான் வாத்தியார். காற்று, நீரோட்டம், மீன் வரத்து எல்லாம் அவர் விரல் நுனியில் இருக்கும். ஐந்தாம் நாள், தம் பள்ளிக்கு ஏற்ற பாடத்தை ஆசிரியரே எழுதட்டும். இது நம் யோசனை.

கடல் பசுவும் நம் குப்பையும்

நேரில் பார்க்க அங்கே என்ன இருக்கிறது?

புதுக்கோட்டைக் கடல், பாக் விரிகுடாவைச் சேர்ந்தது. ஆழம் குறைந்த கடல். அடியில் புல்வெளி உண்டு! அந்தக் கடல் புல்லை மேய்ந்து வாழும் பிராணி கடல் பசு. மீனவர்கள் "ஆவுளியா" என்பார்கள். குட்டிக்குப் பால் கொடுக்கும் சாதுவான பிராணி. அந்தக் கடல் புல்லில்தான் இறாலும் மீன் குஞ்சும் ஒளிந்து வளர்கின்றன. புல் அழிந்தால் வலை காலி!

2022-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி தமிழக அரசு, தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோ மீட்டரைக் கடல் பசுக் காப்பகம் என்று அறிவித்தது. இந்தியாவிலேயே முதல் கடல் பசுக் காப்பகம் இதுதான்.

குளத்தூர்ப் பக்கம் பிறக்கும் அக்கினியாறு, தஞ்சை மாவட்டம் வழியாக ஓடி அதே பாக் விரிகுடாவில்தான் கலக்கிறது. மழைக் காலத்தில் ஓடையில் எறிகிற பிளாஸ்டிக் பை எங்கே போய்ச் சேரும்? கீரனூர்ப் பிள்ளைக்கு இதைவிட நல்ல கடல் பாடம் உண்டா?

மே மாதம் படித்தால்...

ஆசிரியர்கள் பக்கமும் பேச வேண்டும். கணக்கெடுப்பு, தேர்தல் வேலை, ஏற்கெனவே உள்ள பயிற்சிகள் என்று அவர்களுக்குச் சுமை அதிகம். மே மாத விடுமுறையையும் பறித்தால் மனம் சலிக்கும். ஆகவே கட்டாயம் வேண்டாம். விருப்பம் உள்ளவர்கள் வரட்டும். பயணப்படியும் ஈட்டு விடுப்பும் கொடுக்க வேண்டும். கைக்குழந்தை உள்ள ஆசிரியை மாலையில் வீடு திரும்ப வசதி வேண்டும்.

பள்ளிக்கு ஒருவர் வந்தால் போதும். மே மாதத்தில் அவர் படிப்பார். ஜூனில் வகுப்பில் சொல்வார். அக்டோபரில் புயல் காலம் பிறப்பதற்குள் பாடம் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்துவிடும்.

பெற்றோர்களே! இன்று மாலை உங்கள் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "புயல் நடுவில் காற்று நின்றால் வெளியே போகலாமா?"

பதில் தெரிந்தால் அந்த ஆசிரியரைப் பாராட்டுங்கள். தெரியாவிட்டால் பிள்ளையைக் கோபிக்காதீர்கள். அவனுடைய ஆசிரியருக்குக் கடலைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்!