'நைஸ்' என்றால் முட்டாளாம்!



முதலாமாண்டு, முதல் வாரம். செந்துறையில் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவன் நான். ஆங்கிலத்தில் நாலு வரி பேசச் சொன்னார்கள். "ஐ ஆம்..." என்றேன். அதற்குமேல் தொண்டை அடைத்துவிட்டது. பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "வெரி நைஸ்!" வகுப்பே சிரித்தது.

அந்த 'நைஸ்' முள்ளாய்த் தைத்தது. அகராதியில் அதன் பூர்வீகத்தைத் தேடினேன். இப்போது சிரிப்பு எனக்கு வந்தது!

லத்தீனில் 'நெ' என்றால் இல்லை. 'ஸ்கிரே' என்றால் அறிதல். இரண்டும் சேர்ந்த 'நெஸ்கியுஸ்' - ஒன்றும் அறியாதவன். பிரெஞ்சு வழியாகச் சுமார் 1300-இல் ஆங்கிலத்துக்கு வந்தபோது 'நைஸ்' என்றால் முட்டாள்! பிறகு எதிலும் குறை காண்பவன். 16-ஆம் நூற்றாண்டில் நுட்பமான, துல்லியமான. 18-ஆம் நூற்றாண்டில்தான் 'இனிமையான'. இதில் வேடிக்கை, நாம் படிக்கும் 'சயின்ஸ்' பிறந்ததும் அதே 'ஸ்கிரே'யிலிருந்துதான்!

நம்மூருக்கு வந்தும் அது சும்மா இருக்கவில்லை. "மாவை நைஸா அரைச்சுட்டு வா" என்கிறார் அம்மா. கடன் கொடுத்தவரைக் கண்டால் "நைஸா" நழுவுகிறோம். காரியம் ஆகவேண்டுமென்றால் "நைஸ்" பண்ணுகிறோம். இந்த அர்த்தமெல்லாம் வெள்ளைக்காரனுக்கே தெரியாது! நம் தமிழில் மட்டும் என்ன? பழைய இலக்கியத்தில் 'நாற்றம்' என்றால் நறுமணம். இன்று சொல்லிப் பாருங்கள், மூக்கைப் பிடிப்பார்கள்!

ஆக, எந்தச் சொல்லும் வானத்திலிருந்து குதித்ததல்ல. பேசுகிறவர்களின் வாயில் அரைபட்டு அரைபட்டே உருவாகிறது. நம் அரியலூர் சுண்ணாம்புக்கல் பாறையாகக் கிடந்தால் ஒட்டுமா? சுட்டு, பொடியாக அரைத்தால்தானே சிமெண்ட்! 90 மைக்ரான் சல்லடையில் 10 சதவீதத்துக்குமேல் தங்கினால் லேபில் தேறாது. நன்றாக அரைபட்டதுதான் சீக்கிரம் பலம் பிடிக்கும். ஆங்கிலமும் அப்படித்தான். தப்பும் தவறுமாகப் பேசிப் பேசித்தான் வரும்.

பாடம் தெரிந்தும் வாய் திறக்காமல் இண்டர்வியூவில் வேலையைக் கோட்டை விட்ட அண்ணன்மார் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு அறிவு இல்லையா? இருந்தது. சிரிப்பார்களே என்ற பயமும் இருந்தது!

எனவே மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். வாரம் ஒருநாள் அரை மணி நேரம் ஆங்கிலம் பேசிப் பழக இடம் கொடுங்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று: யாரும் சிரிக்கக்கூடாது.

அடுத்த ஆண்டு ஒரு தம்பியோ தங்கையோ "ஐ ஆம்..." என்று திணறினால், நாம் சொல்லும் 'வெரி நைஸ்' நிஜமாகவே இனிமையாக இருக்கட்டும்!

- மூன்றாமாண்டு சிவில் மாணவன், செந்துறை