'மற்றவை' என்று எழுதுவதற்கு முன்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். தமிழய்யாவுக்குக் கம்ப்யூட்டரில் என்ன வேலை என்று சிலர் சிரிப்பீர்கள். மகிந்திரா சிட்டியிலும் ஓ.எம்.ஆரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் மட்டும் சிரிக்காமல் கடைசி வரை படியுங்கள். பேசப்போவது 'பேட்டர்ன் மேட்சிங்' பற்றி.

விஷயம் தெரியாத உறவினர்களுக்காக ஒரு வார்த்தை. நிரலின் கைக்கு ஒரு பொருள் வருகிறது. அது எந்த இனம் என்று பார்த்து, இனத்துக்கேற்ற வேலையைச் செய்ய வேண்டும். எண் வந்தால் கூட்டு. பட்டியல் வந்தால் ஒவ்வொன்றாக எடு. இதைத்தான் நாம் உடம்படுமெய்யில் செய்தோம். மணி + அடித்தது, மணியடித்தது. பூ + அழகு, பூவழகு. அங்கே சொல் எது என்று யாரும் கேட்பதில்லை. ஈற்றில் நிற்கும் உயிர் எந்த வகை என்றுதான் பார்க்கிறோம். இ, ஈ, ஐ என்றால் யகரம். ஏ என்றால் யகரமும் வரும், வகரமும் வரும். மற்ற உயிர்கள் என்றால் வகரம்.

இந்த வேலையைத் தமிழில் எழுத ஒரு நிரல்மொழி செய்தால், அதன் தொடரமைப்பு எப்படி இருக்க வேண்டும்? இதுதான் என் கேள்வி.

தமிழில் நிரல்மொழி ஏற்கெனவே இருக்கிறது. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' 2013 முதல் எல்லோருக்கும் திறந்த மூலமாகக் கிடைக்கிறது. அதில் எனக்குப் பிடித்தது ஒன்று. ஆங்கில நிரல்மொழிகளில் 'இஃப்' முதலில் வரும், நிபந்தனை பிறகு வரும். எழிலில் நிபந்தனையை அடைப்புக்குறிக்குள் முதலில் எழுதி, 'ஆனால்' என்பதைப் பின்னால் எழுத வேண்டும். சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் இந்த வாக்கியத்தையே பாருங்கள்: 'ஆனால்' தொடக்கத்தில் நின்றால் ஆங்கில 'பட்'. 'மழை நின்றது உண்மை ஆனால் போகலாம்' என்று நிபந்தனையின் பின்னால் நின்றால்தான் 'இஃப்'. சொல் ஒன்று, இடம் மாறினால் பொருள் வேறு. ஆங்கில வரிசையிலேயே தமிழ்ச் சொல்லைப் போட்டிருந்தால் நம் பிள்ளை குழம்பியிருக்கும்.

நம் ஊரின் பெயருக்குரிய மறைமலை அடிகள், வேதாசலம் என்ற தம் பெயரைத் தமிழாக்கியவர். வேதம் மறை, அசலம் மலை. பெயரைச் சொல்லுக்குச் சொல் மாற்றலாம். வாக்கியத்தை அப்படி மாற்ற முடியாது. நிரலின் ஒவ்வொரு வரியும் வாக்கியம்தான்.

இன வாரியாகப் பிரிக்கும் தொடரமைப்புக்கும் இதே நியாயம். ஜாவாவில் இனத்தை முதலில் சொல்லி, பெயரை அடுத்துச் சொல்கிறார்கள். ஸ்காலாவில் பெயர் முதலில், இனம் பின்னால். தமிழில் நாம் இயல்பாக எப்படிச் சொல்வோம்? 'வயது என்னும் எண்.' பெயர், இனம், அதன் பிறகு 'ஆனால்'. 'வயது என்னும் எண் ஆனால்' என்று ஒரு வரி எழுதினால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளக்கம் தேவைப்படாது.

'என்னும்' என்ற அந்த ஒரு சொல் வெறும் அலங்காரம் அல்ல. பைத்தானில் 2021-இல் வந்த 3.10 பதிப்பில்தான் 'மேட்ச்' சேர்ந்தது. அதில் 'கேஸ் இன்ட்' என்று எழுதி, பின்னால் வெற்று அடைப்புக்குறி போட்டால் 'முழு எண் என்றால்' என்று பொருள். அடைப்புக்குறியை விட்டுவிட்டால், 'எது வந்தாலும் ஏற்றுக்கொண்டு அதற்கு இன்ட் என்று பெயர் வை' என்று பொருள்! அந்த வரி நடுவில் இருந்தால் பைத்தானே பிழை என்று சொல்லிவிடும். கடைசி வரியாக இருந்தால் சத்தமில்லாமல் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். இனம் எது, பெயர் எது என்பதை ஒரு சின்னக் குறியிடம் ஒப்படைத்ததால் வரும் வினை இது. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் நம் தமிழ்வழிப் பிள்ளைகள் படிப்பது இந்தப் பைத்தானைத்தான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 'மற்றவை' என்ற கடைசி வரி. ஆங்கிலத்தில் 'டிஃபால்ட்' என்பீர்கள்.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதே ஆண்டில் திருநங்கைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், அவர்களுடன் வரும் உதவியாளருக்கும் அது நீட்டிக்கப்பட்டது. டிக்கெட் கருவிக்கு நீங்கள் நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 'பெண் ஆனால் கட்டணம் 0. மற்றவர் ஆனால் முழுக் கட்டணம்' என்று முதல் மாதமே எழுதிவிட்டீர்கள். அடுத்த மாதம் திருநங்கை என்ற புது வகை சேர்கிறது. நிரலை யாரும் திருத்தவில்லை. கம்பைலரும் வாய் திறக்கவில்லை. தாம்பரத்தில் ஏறியவரிடம் கருவி முழுக் கட்டணம் கேட்கும். சட்டம் கொடுத்த உரிமையை 'மற்றவர்' என்ற ஒரு வரி பறித்துவிடும்.

'மற்றவர்' என்று எழுதாமல் ஒவ்வொரு வகையையும் பெயர் சொல்லி எழுதியிருந்தால்? ஜாவா 21 போன்ற மொழிகளில், வகைகள் இவ்வளவுதான் என்று முன்பே மூடி அறிவித்துவிட்டால், புதிதாக ஒரு வகை சேர்ந்ததும் 'இதற்குப் பதில் எழுதவில்லையே' என்று கம்பைலர் பிழை காட்டி நிறுத்தும். பைத்தான் அப்படி நிறுத்தாது.

உடம்படுமெய் விதியிலும் 'மற்ற உயிர்கள்' என்றுதானே இருக்கிறது ஐயா என்று ஒரு பிள்ளை கேட்கும். நல்ல கேள்வி. தமிழில் உயிர் பன்னிரண்டு. நாளைக்குப் பதின்மூன்றாவது வரப்போவதில்லை. வளராத தொகுதியில் 'மற்றவை' எழுதலாம். மனிதர்களின் வகை அப்படியல்ல. அரசாணை வரும், சட்டம் மாறும்.

ஆகவே என் கருத்து இது. தமிழில் நிரல்மொழி செய்பவர்கள் பெயர், இனம், 'ஆனால்' என்ற நம் வரிசையை விடாதீர்கள். 'மற்றவை' என்பதை எளிதாக எழுதும்படி வைக்காதீர்கள். எல்லா வகையும் எழுதியாயிற்றா என்று மொழியே கேட்கட்டும். தமிழ் நிரல்மொழியால் வேலை கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: வேலைக்கு உங்கள் ஜாவா இருக்கட்டும். முதல் நிரலைத் தன் மொழியில் யோசித்த பிள்ளை பிறகு எந்த மொழிக்கும் போகும்.

கடைசியாக வீட்டுப்பாடம். நாளை ஆபீஸ் போனதும் உங்கள் நிரலில் எத்தனை 'டிஃபால்ட்' இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றிலும் ஒளிந்திருப்பது உயிரெழுத்தா, பேருந்துப் பயணியா என்று பார்த்துக் கீழே எழுதுங்கள். பயணி என்றால் திருத்திவிட்டு எழுதுங்கள்.

நலமாக இருங்கள், பிள்ளைகளே.