சுண்டினால் ஸ்பின்... இறுக்கினால் வலி!

தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருவர், டேபிள் டென்னிஸ் ஆடும் தன் 13 வயது மகனோடு வந்தார்.

"வைத்தியரய்யா, ஒரு வாரமா முழங்கை வலிக்குன்னு சொல்லுதான். நல்ல தைலமாக் குடுங்க. போட்டி நெருங்குது. தினமும் 200 சர்வீஸ் போடச் சொல்லியிருக்கேன்" என்றார்.

பையனிடம் ஒரு ஸ்கேலைக் கொடுத்து, "இதை பேட்டா நினைச்சு சர்வீஸ் போடுப்பா" என்றேன். விரல் நுனி வெளுக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்து, தோளிலிருந்து வீசினான். வலிக்குக் காரணம் புரிந்துவிட்டது!

நம்ம ஊர் கடல்காற்றில் உள்ளங்கை எந்நேரமும் பிசுபிசுக்கும். பேட் நழுவிடுமோ என்று பிள்ளைகள் இறுக்கிப் பிடிக்கிறார்கள். பிடியை இறுக்கும் தசைகள் முழங்கை எலும்பில் போய் ஒட்டுவதால், வலி அங்கே வருகிறது. ரப்பரில் ஈரம் படிந்தால் பந்து வழுக்கும், ஸ்பின் ஏறாது. உடனே இன்னும் பலமாக வீசுவார்கள்.

பந்தின் எடையோ வெறும் 2.7 கிராம்! அதற்கு எதுக்கு இத்தனை பலம்? பம்பரத்தைக் கல் மாதிரி எறிந்தால் சுற்றுமா? சாட்டையைச் சுண்டி இழுக்கணும். ஸ்பின்னும் அப்படித்தான். சர்வீஸ் போடும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பேட்டைப் பிடித்தால் போதும். மற்ற விரல்களைத் தளர்த்தினால் மணிக்கட்டு தாராளமாகச் சுழலும். விரித்த உள்ளங்கையிலிருந்து பந்தை 16 செ.மீ.க்குக் குறையாமல் மேலே போட்டு, இறங்கும்போது அதன் அடிப்பாகத்தை மெல்ல உரசணும். எதிர்ப்பக்கம் விழுந்த பந்து வலையை நோக்கித் திரும்பினால் ஸ்பின் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

என்னைக் கேட்டால், வலி இல்லாத பிள்ளைக்குக்கூட 50 சர்வீஸ் போதும். நடுவே கையையும் பேட்டையும் துடைக்கட்டும். போட்டியிலேயே 6 புள்ளிக்கு ஒருமுறை துண்டால் துடைக்க அனுமதி உண்டு.

நம்ம சென்னை சரத் கமல் 2006 காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றார். மறுபடி அதே தங்கத்தை 2022-ல் வென்றபோது அவருக்கு வயது 40! அப்படியிருக்க, 13 வயதில் முழங்கையைக் கெடுத்துக்கொள்ள என்ன அவசரம்?

பையனுக்குத் தைலம் கொடுத்தேன். கூடவே பத்து நாள் ஓய்வும் சொன்னேன். அண்ணாச்சிக்கு முகம் சுருங்கியது. வீக்கமோ மரத்துப்போதலோ இருந்தால் எலும்பு டாக்டரிடம் காட்டவும் சொன்னேன்.

பெற்றோரே, பிடியைத் தளர்த்தாமல் தைலம் மட்டும் தேய்ப்பது, ஓட்டை வள்ளத்தில் தண்ணீர் இறைக்கிற கதைதான்!