‘அங்கிட்டு’ என்று பேசும் பிள்ளைக்கு எந்தப் புத்தகம்?

கொரோனாவால் மூடிக்கிடந்த பள்ளிகள் தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்று மறுபடி திறந்தன. வீட்டிலேயே கற்றுத்தந்தால் என்ன என்று அந்த நாட்களில் யோசித்த மதுரைப் பெற்றோரில் சிலர் இன்னமும் அதே யோசனையில் இருக்கிறார்கள். அது தவறல்ல. எதை வைத்துக் கற்றுத்தருவது என்ற இடத்தில்தான் தடுமாற்றம். அழகாக அச்சிட்ட வெளிநாட்டுப் பாடத்திட்டம் பெட்டியாக வந்து இறங்கினால் பொறுப்பு முடிந்தது என்று தோன்றிவிடுகிறது. ஐந்து முதல் எட்டு வயது வரை அந்தப் பெட்டி தேவையே இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் புத்தகங்கள், நல்ல தமிழ்ப் படக்கதைகள், கண்ணெதிரே இருக்கும் மதுரை ஆகிய மூன்றும் போதும் என்று உறுதியாகச் சொல்கிறோம்.

காரணம் நம் எழுத்திலேயே இருக்கிறது. 247 எழுத்து என்றதும் பெற்றோருக்கு மலைப்பு வருகிறது. உண்மையில் பிள்ளை அறிய வேண்டியவை 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், உயிர்மெய்க் குறிகள் அவ்வளவே. வடிவம் எளிதான ட, ப, ம என்று தொடங்கினால், சில நாட்களிலேயே ‘படம்’ என்று தானாகப் படித்துவிடும். இந்த வழி நம் அரசுப் பள்ளிகளுக்குப் பழகியதுதான். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. ‘பந்து’ என்பதிலும் ‘கம்பம்’ என்பதிலும் இருப்பது ஒரே பகரம்; ஒலி வேறு. யாரும் விதி சொல்லித்தராமலேயே மதுரைப் பிள்ளை இரண்டையும் சரியாக ஒலிக்கிறது, ஏனென்றால் அந்தச் சொற்கள் ஏற்கெனவே அதன் நாவில் இருக்கின்றன. பேச்சு முந்தி, எழுத்து பிந்தி என்ற இந்த வரிசையைத் தமிழ் தானாகவே தருகிறது. கேட்டே அறியாத ஆங்கிலச் சொல்லையும் அதன் எழுத்துக்கூட்டலையும் ஒரே நாளில் திணிக்கும் பெட்டி அந்த வரிசையைக் கலைத்துவிடுகிறது.

பாடநூலில் குறை இல்லை என்று சொல்லவில்லை. வீட்டில் ‘அங்கிட்டு’, ‘வந்துச்சு’ என்று பேசும் பிள்ளை புத்தகத்தில் ‘அங்கே’, ‘வந்தது’ என்று பார்க்கிறது. இந்த இடைவெளியைப் பாடநூல் தனியாக நிரப்பாது. கதைப் புத்தகம்தான் நிரப்பும். துலிகாவின் இருமொழிப் படக்கதைகள் உண்டு. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகவே படிக்கலாம், அச்சிட்டுக்கொள்ளலாம். பாடநூல்களும் அப்படியே, இணையத்தில் பணமின்றிக் கிடைக்கின்றன. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் தன் சிறுநூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறது. புத்தகம் தேர்ந்தெடுக்கும் பெற்றோருக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டி வேண்டியதில்லை. ஒரு பக்கத்தை உரக்கப் படித்துப் பாருங்கள். வரிக்கு வரி விளக்கம் சொல்ல நேர்ந்தால் அந்தப் புத்தகத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.

ஆங்கிலம் என்னாவது என்று கேட்பார்கள். நியாயமான கவலைதான். ஆங்கிலப் பாட்டும் கதையும் முதல் நாளிலிருந்தே காதில் விழட்டும். எழுத்துக்கூட்டல் இரண்டு ஆண்டு பொறுக்கலாம். ஒரு மொழியில் படிக்கத் தெரிந்த பிள்ளை படிப்பது என்றால் என்ன என்பதை இரண்டாம் முறை கற்க வேண்டியதில்லை. வீட்டில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ பேசும் குடும்பங்கள் மதுரையில் ஏராளம். அங்கே கதை அந்த மொழியிலேயே தொடங்கட்டும். தெருவில் கேட்டு வளர்ந்த தமிழ் எழுத்துக்குக் கைகொடுக்கும். சட்டம் குறித்த அச்சமும் உண்டு. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமையாக்குகிறது. தவறினால் தண்டனை என்று சொல்லவில்லை. பள்ளிக்கே போகாத பிள்ளையையும் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது. பின்னாளில் பள்ளிக்குத் திரும்பும் வழி திறந்தே இருக்க வேண்டும் என்பதும் மாநிலப் பாடநூலை அடித்தளமாகக் கொள்ளச் சொல்வதற்கு ஒரு காரணம். சக பிள்ளைகளோடு பழகும் வாய்ப்பைப் புத்தகத்தால் ஈடுகட்ட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். மாலை விளையாட்டையும் பாடவேளையாகவே கணக்கில் வைக்க வேண்டும்.

ஊரையும் பாடநூலாகக் கொள்ளலாம். 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகம் நகரிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர்தான். கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் ஆதன் என்ற பெயர் கீறப்பட்டிருக்கிறது. தன் பெயரை எழுதப் பழகும் பிள்ளைக்கு அது போதும். அதே ஆண்டு ஜூலையில் நத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே பிரிவு உண்டு. ஆனால் உசிலம்பட்டிப் பிள்ளை அங்கே தினமும் வர முடியாது. வாசிப்பு இயக்க நூல்களின் ஒரு தொகுப்பையாவது மாவட்டத்தின் ஒவ்வொரு கிளை நூலகத்திலும் வைத்து, பள்ளியில் பெயர் இருக்கிறதா என்று கேட்காமல், வீட்டுக்கு எடுத்துப்போகக் கொடுக்க வேண்டும். அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் பொது நூலகத் துறை இதைச் செய்யட்டும்.