தாகம் தீர்ந்த பிறகும்...

ஓடும் ரயில். "ஐயோ, தாகமா இருக்கே... எவ்ளோ தாகம்!" என்று ஒரு கிழவர் விடாமல் முனகுகிறார். எதிரே இருப்பவர் பொறுக்க முடியாமல் எழுந்துபோய்த் தண்ணீர் வாங்கி வந்து கொடுக்கிறார். கிழவர் மடமடவெனக் குடிக்கிறார். பெட்டியில் நிம்மதி. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "ஐயோ, எவ்ளோ தாகமா இருந்துச்சு!"

யூதர்கள் தங்களைத் தாங்களே கிண்டலடித்துக்கொள்ளும் பழைய ஜோக் இது. கிழவர் செய்கிற காரியத்துக்கு அவர்களின் யித்திஷ் மொழியில் 'க்வெட்ச்' என்று பெயர். புலம்பல்தான், ஆனால் தீர்வு கிடைத்தாலும் நிற்காத புலம்பல்!

சொல்லின் நேர்ப்பொருள் என்ன தெரியுமா? பிழிவது, நசுக்குவது, அழுத்துவது. எலுமிச்சையைப் பிழிவதும் க்வெட்ச்தான். மலச்சிக்கலில் முக்குவதும் அதுதான். முக்கி முனகுகிறவரின் முகத்தை நினைத்துப் பார்த்தால், புலம்பலுக்கு இந்தச் சொல் எப்படி வந்தது என்பது புரிந்துவிடும். ஜெர்மன் மொழியின் 'க்வெட்ஷன்' இதன் சகோதரி. பெர்லினில் மசித்த உருளைக்கிழங்கின் பெயரில்கூட அந்தச் சொல் உண்டு.

ஏறக்குறைய 1,000 ஆண்டுகளுக்கு முன், ரைன் நதிக்கரை யூதர்களிடம் பிறந்த மொழி யித்திஷ். அடிப்படை ஜெர்மன், எழுத்து ஹீப்ரு. கிழக்கு ஐரோப்பாவுக்குப் போனதும் ஸ்லாவிய மொழிகளின் சொற்களும் கலந்தன.

புலம்பலுக்கு அங்கே ஒரு காரணமும் இருந்தது: கண் திருஷ்டி. "நல்லா இருக்கேன்" என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும் என்ற பயம். நல்லதைச் சொல்ல நேர்ந்தால், கூடவே 'கெய்னஹோரா' என்பார்கள். 'கண் படாமல் இருக்கட்டும்' என்று அர்த்தம். அதைவிட, "ஏதோ போகுது... இடுப்பு வலிதான் தாங்கல" என்பது பாதுகாப்பு!

1880-களிலிருந்து லட்சக்கணக்கான யூதர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். க்வெட்சும் கூடவே போய், ஆங்கில அகராதியில் இடம்பிடித்தது. ஆங்கிலத்தில் புலம்புகிற ஆளும் க்வெட்ச்தான். யித்திஷில் ஆணென்றால் க்வெட்சர், பெண்ணென்றால் க்வெட்சர்கே.

ஐரோப்பாவில் தங்கியவர்களின் கதை வேறு. இரண்டாம் உலகப் போருக்கு முன் யித்திஷ் பேசியவர்கள் 1 கோடிக்கும் மேல். நாஜிகள் கொன்ற சுமார் 60 லட்சம் யூதர்களில் பெரும்பாலோர் இந்த மொழிக்காரர்கள். 1978-ல் ஐசக் பாஷெவிஸ் சிங்கர் இலக்கிய நோபல் பரிசு பெற்றபோது, அவருடைய மொழியைப் பேசியவர்களில் பெரும்பகுதியினர் உயிரோடு இல்லை.

நியூயார்க்கின் புரூக்ளினில், ஹசிதிய யூதர்களின் வீடுகளில் இன்றும் குழந்தைகள் யித்திஷ் பேசித்தான் வளர்கிறார்கள். அங்கே ஒரு பொத்தானை அழுத்தச் சொல்ல வேண்டும் என்றாலும் 'க்வெட்ச்'தான்.